இருபத்தேழாவது வரி

தடைக்காலம் முடிந்து மூன்றாம் நாள்.
முதுநகர்த் துறைமுகத்தில்
சங்கராவும் கிழங்கானும் கூடைகூடையாய் இறங்க,
மரைக்காயர் அறைச் சுவரில்
பெரிய திரை சொல்லிக்கொண்டிருந்தது:
இன்றைய வரத்து பூஜ்யம்.

"வெளியில மீன் நாறுது,
உன் டப்பா ஒண்ணுமில்லங்குது" என்றார்.

டப்பா என்னுடையதில்லை.
எந்த ஊரென்று எனக்கும் தெரியாத ஓர் ஊரில்
வாடகைக்கு ஓடும் கணினிகள் அவை.
இங்கே இருப்பது
ஐஸ் பிளாண்டுக் கணக்கறை மேசைக்கடியில்
கேட்வே என்று ஒரு பழைய பெட்டி,
உப்பேறிய விசிறியோடு
மூச்சு வாங்கிக்கொண்டு.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.
முதலில் எல்லோரும் அதைத்தான் செய்வோம்,
கேட்டால் இல்லையென்போம்.
பெட்டிக்கு உயிர் இருந்தது. இணையம் இருந்தது.
பூட்டும் நல்ல பூட்டு.
சாவிதான் செத்திருந்தது.

இணைப்பு இன்பசேகர் பேரில்.
மாசியில் வேலையை விட்டவர்.
கடவுச்சொல் காலாவதி ஆன தேதி மே மூன்று.
அன்றிலிருந்து தினமும் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
முடியவில்லை முடியவில்லை என்று
அது மின்னஞ்சல் போட்டிருக்கிறது,
மூடிவிட்ட அவர் முகவரிக்கு.

மே மூன்றிலிருந்து ஜூன் பதினாலு வரை
விசைப்படகு எதுவும் போகவில்லை.
திரை பூஜ்யம் காட்டியது.
பூஜ்யம்தான் சரி.
நாற்பத்து மூன்று நாள்
அறுந்துபோன ஒன்று
உண்மையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது.
யார் சந்தேகப்படுவார்கள்?

இன்பசேகருக்குப் போன் போட்டேன்.
கன்னியக்கோயில் தாண்டி பஸ்ஸில் இருந்தார்.
"இன்னுமா எம் பேர்ல ஓடுது?"
சந்தோஷமா கூச்சமா தெரியவில்லை,
அதற்குள் கண்டக்டர் விசில்.

ஆள் பேர் இல்லாத புதுக் கணக்கு ஒன்று திறந்தேன்.
யார் போனாலும் அது போகாது.
புதுப்பி என்று அழுத்தினேன்.
சுற்றியது, சுற்றியது,
சிவப்பில் நின்றது:
வரி இருபத்தேழு. எண் வேண்டிய இடத்தில் எழுத்து.

எடைத்தாளைத் திறந்தால்
கிலோ என்ற பத்தியில்
நானூற்றுப் பத்து, அறுநூற்று முப்பது,
அதற்குக் கீழே
'வரல'.

எடைமேடையில் குமணன் ஐஸ் வாரிக்கொண்டிருந்தான்.
"கிலோவுல எண்ணுதான் போடணும், தெரியுமில்ல?
வரலன்னா என்னடா?"
அவன் வாரியை நிறுத்தினான்.
"படகு வரலக்கா."

ஏலக்கூடத் தூணோரம்
நைட்டிமேல் துண்டு போட்ட பெண் ஒருத்தி
செல்போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக.
காலையில் உள்ளே வரும்போதே பார்த்திருந்தேன்.
கூடை வாங்க வந்தவள் என்று நினைத்தேன்.

பிழையுள்ள இடத்தில் பூஜ்யம் போடு:
அதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு.
ஒரு சொடுக்கு, வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.
ஆனால் பூஜ்யம் என்றால்
படகு போனது, வந்தது, பெட்டி காலி என்று அர்த்தம்.
வந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வெற்றாக விட்டேன்.

திரை நிறைந்தது.
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கிலோ,
வஞ்சிரம் பச்சையில், கவலை நீலத்தில்.
மரைக்காயர் சிரித்தார்.
பிறகு விரல்விட்டு எதையோ எண்ணினார்.
"முப்பத்தொண்ணு போச்சு.
முப்பதைத்தானே கூட்டியிருக்கு?"
ஒரு வரி வெற்று என்றேன்.
எந்தப் படகு என்று அவர் கேட்கவில்லை.
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஐந்தே கால் மணிக்குத் தகவல்:
நடுக்கடலில் என்ஜின் நின்று
வேறு படகு கயிறு கட்டித்
தேங்காய்த்திட்டுக்கு இழுத்துப் போயிருக்கிறது.
ஐந்து பேரும் நலம்.
ஐஸ் கரைந்து பிடித்ததெல்லாம் கெட்டு,
கடலிலேயே கொட்டியாச்சு.

தூணோரம் இப்போது யாருமில்லை.
குமணன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து
இருபத்தேழாவது வரியில்
ஒரே ஒரு விசையைத் தட்டினான்.
0.

ஆறு மணிப் புதுப்பிப்பு தானாக ஓடியது.
மொத்தத்தில் ஒரு கிலோகூட மாறவில்லை.
மரைக்காயர் வாசலில் செருப்போடு நின்று
திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.