மண்டபம் இல்லாத ஃபங்ஷன்

"ஃபங்ஷனுக்கு டெக்கரேட்டர் போட்டாச்சு"
என்று நான் ஃபோனில் சொன்னது
கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த
டெல்பின் அக்கா காதில் விழுந்துவிட்டது.
"யாரு ஊட்ல ஃபங்ஷன்? எந்த மண்டபம்?"

மண்டபமே இல்லக்கா.
பதினோரு வரி. தண்ணி லாரி
எர்ணாவூர் மேம்பாலம் இறங்கியதும்
முப்பத்தெட்டு வீட்டுக்கு மெசேஜ் போடும்.
வேறெதுவும் அதற்குத் தெரியாது.
அதன் தலைக்கு மேல் ஒரே ஒரு வரி வைத்தேன்,
@ என்று தொடங்கி.
உள்ளே ஓரெழுத்தையும் தொடவில்லை.
அந்த வரி வந்ததிலிருந்து
என் லேப்டாப்பை மூடினாலும் அது இருக்கும்.
இருக்கும் என்றும் சொல்ல முடியாது.
கூப்பிட்டால் எழும், சொல்லும்,
இல்லாமல் போகும்.
முந்நூறு மில்லி செகண்டுக்குத்தான் கூலி.

"வாடகை?"
கிடையாது.
"பந்தல் பிரிக்கிற ஆளு?"
அதுவே பிரிந்துகொள்ளும்.

முதல் நாள் தூக்கம் கலைய
நாலு செகண்ட் ஆனது அதற்கு.
அதற்குள் அக்கா ஏழு குடத்தோடு
லாரியின் வாலைப் பிடித்துவிட்டாள்.
"ஆரன் சத்தம் எனுக்குக் கேக்காதா இன்னா?"

இன்று மறுபடி கேட்டாள்:
"மண்டபம் இல்லன்னா எங்கதான் நடக்குது?"
மேகத்தில் என்று கையைத் தூக்கினேன்.
விரல் போய் நின்ற இடத்தில்
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி.

வெள்ளைச் சட்டையை அவள் உதற,
சாம்பல் கீபோர்டில் இறங்கியது.
@ இருப்பது ரெண்டாம் நம்பர் பொத்தானில்.
ஊதிவிட்டு அழுத்தினேன்.