அனுமதிப் படிவம்

எங்கள் புளோக்கின் பெற்றோர்களுக்கு:
சனிக்கிழமை விடியுமுன் ஐந்து நாற்பதுக்குக்
கடல் வற்றும், பாசிர் ரிஸ்ஸில்.
நான்கே முக்காலுக்கு லிஃப்ட் வாசலில் நிற்கவும்.
பழைய சட்டை. நனைந்தால் பரவாயில்லை என்கிற காலணி.
கைபேசி ஒன்றே ஒன்று, அது என்னிடம் இருக்கும்.

பின்னால் பிரச்சினை வரக்கூடாது,
எல்லாவற்றையும் எழுதி வாங்கிவிடு என்றார் மிஸ்டர் கோ.
இன்ஷூரன்ஸ்காரர். எழுதுகிறேன்.

உங்கள் பிள்ளைக்கு நேரக்கூடியவை:
கொசுக்கடி.
சிராய்ப்பு.
முழங்கால்வரை சேறு, அதன் அழுகிய முட்டை வாசம்
(காரில் வருபவர்கள் செய்தித்தாள் விரித்துக்கொள்ளவும்).
ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் போவது.

இந்தக் கடைசிக்குத்தான் போன மாதம் புகார் அதிகம்.
அவ்வளவு தூரம் போய் என்னடா பார்த்தாய் என்றதற்கு
"ஓட்டை" என்றானாம் பத்தாம் மாடி லுக்மான்.
பொய்யில்லை.
ஓட்டைகளைத்தான் பார்த்தோம், ஆயிரம் இருக்கும்.
ஒவ்வொன்றுக்குள்ளும் யாரோ
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்
நாங்கள் தொலையட்டும் என்று.

நான் நிபுணர் இல்லை, விமான நிலைய கார்கோவில் இரவு ஷிஃப்ட்.
பல கால்களை ஊன்றிச் சேற்றில் நிற்கும் மரம்
கண்டல் என்று போன வாரம்தான் தெரியும்.
நெய்தலின் கருப்பொருள்களை வரிசை பிசகாமல் எழுதி
ஒருகாலத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள்தான்.
அந்த நெய்தல்
பேருந்தில் இருபது நிமிடம் என்று
எந்த வினாத்தாளும் சொல்லவில்லை.

கண்ணைத் தலைமேல் வைத்துக்கொண்டு
சேற்றில் நடக்கும் மீனுக்கு உளுவை என்று பெயர்.
பிள்ளைகள் அதை இக்கான் மாலாஸ் என்கிறார்கள்,
நீந்தச் சோம்பல்பட்ட மீனாம்.
நான் திருத்தவில்லை.

எதையும் எடுத்து வரக்கூடாது.
இந்த விதி என் வீட்டில்தான் பிறந்தது.

என் மகள் நிறைமதி
நான்கு முறையும் மரப்பாதையிலேயே நின்றவள்,
சேற்றைப் பார்த்தாலே கைகழுவும் திரவம் தேடுபவள்.
ஐந்தாம் முறை அன்றிரவு
எழுத்துக்கூட்டல் பட்டியலைத் தேடிப் பையைத் திறந்தேன்.
பென்சில் பெட்டி நகர்ந்தது.
உள்ளே, அழிப்பானுக்குப் பக்கத்தில்,
கடன் வாங்கிய ஓட்டுக்குள் ஒரு துறவி நண்டு.
"அதுவே ஏறிக்கிச்சும்மா."

பத்தரை மணி. மிஸ்டர் கோவின் கார்.
செய்தி எப்படிப் பரவியதோ,
பின்னால் இன்னும் இரண்டு குடும்பம், பைஜாமாவோடு.
போய்ப் பார்த்தால் இடமே இல்லை.
காலையில் நாங்கள் நின்றதெல்லாம் கடல்.
"அதோட வீடு எங்க?" என்றாள்.
கைகாட்டத் தெரியவில்லை எனக்கு.

அவளே இறங்கினாள்.
செருப்போடு, இருட்டில், முழங்காலளவு,
பெட்டியைத் தண்ணீரோடு தண்ணீராய்ச் சாய்த்துப் பிடித்தபடி.
நண்டுக்கு அவசரமில்லை.
ஒரு கால் நீட்டும், இழுத்துக்கொள்ளும்.
பதினொரு நிமிடம்
யாரும் பேசவில்லை,
மிஸ்டர் கோகூட.

ஆகவே, எடுத்து வந்தால்
எந்நேரமானாலும் நீங்களே கொண்டுபோய் விட வேண்டும்.
அதற்கும் சேர்த்தே இந்தக் கையெழுத்து.

பிள்ளையின் பெயர்:
அவசரத் தொடர்பு எண்:
ஒவ்வாமை ஏதும் இருந்தால்:
(என் மகளின் படிவத்தில் "சேறு" என்று எழுதியிருந்தேன்.
யாரோ பென்சிலால் அடித்திருக்கிறார்கள்.)

இடி முழங்கினால் ரத்து.
வெறும் மழை என்றால்
வரவும்.