எச்சில் கணக்கு

ஆர்டிஸ் க்வாம்மேயின் பணிக்காலத்தை
நான் தரையிலிருந்து அறிவேன்.
நார்த் டகோடாவில், கோதுமைக் கிடங்கை ஒட்டிய
ஒரு தொடக்கப்பள்ளி.
குச்சி அவர் கையில், துடைப்பம் என் கையில்.
செவ்வாயும் வியாழனும்தான் எங்களுக்கு.
மற்ற நாட்களில் வேறு இரண்டு ஊர்கள்.
காரின் பின்சீட்டில் ட்யூபா
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

பேண்டுக்கென்று அறை கிடையாது.
சாப்பாட்டு மேசைகளை நான் மடித்துத் தள்ளியதும்
சோளமும் ப்ளீச்சும் மணக்கும் கூடத்தில்
இருபத்தாறு நாற்காலி, பிறை வடிவில்.

பித்தளைக்குள் ஊதிய மூச்சு
தண்ணீராகத் திரும்பும்.
ஒரு சாவியை அழுத்தினால் தரையில் சொட்டும்.
பிள்ளைகளுக்குப் பாட்டைவிட அதில்தான் ஆசை.
அவர்கள் போன பிறகு
யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று
ஈரத்தை வைத்தே சொல்வேன்:
ட்ராம்போனுக்குக் குளம்,
ட்ரம்பெட்டுக்குக் காசளவு,
மேளக்காரப் பையன்களுக்குக் கீழே
சூயிங்கம்.

செப்டம்பர் என்றால்
முள்வேலியில் மாட்டிய கன்று.
அக்டோபரில், தெற்குத் திசை மறந்த வாத்துகள்.
பனி ஏறி ஜன்னலைப் பாதி மூடும்போது
இது பாட்டுதானோ என்று சந்தேகம் வரும்.
மே கடைசியில், நின்று கேட்கலாம் என்று தோன்றும் வாரம்,
பிள்ளைகள் நடுநிலைப்பள்ளிக்குப் போய்விடுவார்கள்.
மறுபடி கன்று.
இருபத்தெட்டு முறை.

ஒருநாள் கேட்டேவிட்டேன்:
மாவு பிசைவது நீங்கள்,
ரொட்டி தின்பது வேறு யாரோவா?
வால்வுக்கு எண்ணெய் விட்டபடியே சொன்னார்:
"முதல் சத்தம் எனக்குத்தானே வருகிறது.
அது வரும்போது அந்த முகங்களைப் பார்த்திருக்கிறாயா?
தாங்களே பயந்துபோவார்கள்."
பார்த்ததில்லை.
நான் பார்ப்பது தரை.

அந்த ஆண்டு ட்ரம்பெட் வரிசையில்
மூன்றாம் நாற்காலியின் கீழே ஈரமே இல்லை.
ஒரு வாரம், மூன்று வாரம்,
வான்கோழித் திருநாளும் வந்து போயிற்று.
கன்னம் உப்பும், விரல் சரியாக இறங்கும்,
கால்கூடத் தாளம் தட்டும்.
தரைக்கு மட்டும் பொய் தெரியாது.
ப்ருஷ்கா வீட்டுப் பையன், வேட்.
ஹாக்கியில் முன்பல்லைப் பறிகொடுத்தவன்;
கோடையில் அவர்கள் டிராக்டர் ஏலத்துக்குப் போனது.
காரணம் பல்லா, டிராக்டரா, நான் கண்டேனா?

கோள் சொல்கிற கூச்சத்தோடு சொன்னேன்.
"தெரியும், முதல் நாளிலிருந்தே," என்றார்.
பிறகு, திரும்பிப் பார்க்காமல்:
"ஊதாமலே இருந்தாலும்
மூச்சை எடுக்கவேண்டிய இடத்தில் எடுக்கிறான்.
அது லேசில்லை. விடு."

விட்டேன்.

ஜனவரியில் பள்ளி வாரியக் கூட்டம்.
அதற்கும் நாற்காலி போட்டது நான்தான்.
சின்னப் பிள்ளைகளின் பேண்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று
ஒருவர் தொகையைப் படித்து
அதில் எத்தனை பஸ் டயர் வாங்கலாம் என்றும் சொன்னார்.
இரண்டு மணி நேரம் வாதம்.
கடைசியில் பேண்டு பிழைத்தது,
க்வாம்மேவுக்கு மூன்று பள்ளி நாலாயிற்று.
சம்பளம் அதே சம்பளம்.

மார்ச்சில் ஒரு வியாழன்.
மூன்றாம் நாற்காலிக்கு வந்தபோது
தரையில் ஒரு சொட்டு.
கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன்.
கூரை உலர்ந்திருந்தது.

சுற்றிலும் துடைத்தேன்.
அதை விட்டுவிட்டேன்.
நாலு மணிக்குக் கூடைப்பந்துப் பிள்ளைகள் வந்து
அதன்மேலேயே ஓடினார்கள்.

மாலை அவர் கார் கிளம்பவில்லை.
பேட்டரி. என் வண்டியிலிருந்து கம்பி மாட்டிக் கொடுத்தேன்.
மூச்சு புகையாக நின்றது இருவருக்கும்.
சொல்வார் என்று நான் இருந்தேன்,
நான் சொல்வேன் என்று அவர் இருந்தாரோ என்னவோ.
எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது.
நாளை எந்தப் பள்ளி என்று கேட்டுவைத்தேன்.
"நாலாவது," என்றார், கண்ணாடியில் ட்யூபாவைச் சரிபார்த்தபடி.
"அங்கே இப்போதுதான் செப்டம்பர்."