பக்கம் நான்கு

அன்றைக்கு மைனஸ் இருபத்தெட்டு.
விடிகாலை மூன்று பன்னிரண்டுக்கு
கயானி நகரத்து ரேடியேட்டர்கள் பேச்சை நிறுத்தின.
இரண்டாயிரத்து முந்நூறு வீடுகள்.
பள்ளிக்கூடத்தில் குழாய் வெடித்து
வரைபட அறையில் ஆப்பிரிக்கா உறைந்துபோனது.

நான்காம் நாள் ரயிலில் வந்து இறங்கினேன்,
மணிக்கணக்கில் கூலி வாங்கித் தடயம் பார்க்கிறவன்.
கூலி யாரிடம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்:
வெப்பம் விற்கும் அந்த நிறுவனத்திடம்தான்.

உள்ளே வந்தவர் செத்தவர்.
பம்பு பராமரிப்புக்கு ஒப்பந்தம் எடுத்திருந்தவர்,
இரண்டு வருடத்துக்கு முன் அடக்கமாகிவிட்டார்.
அவர் கணக்கு மட்டும் உயிரோடிருந்தது.
கடவுச்சொல், லம்போ1.
லம்போ என்றால் அவர்கள் மொழியில் வெப்பம்.
ஒன்று என்றால் ஒன்று.

இரவுப்பணி ஔலிஸ் கெம்பைனன்
மேலிடத்துக்கு மூன்று முறை எழுதியிருக்கிறார்.
முதல் கடிதத்தில் 'தயவுசெய்து' இருக்கிறது.
மூன்றாவதில் இல்லை.
பதில் ஒன்றே ஒன்று: அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்.
அன்றிரவு திரை கைவிட்டதும்
டார்ச்சோடு ஓடிப்போய்
பதினொரு வால்வுகளைக் கையால் திருப்பியவரும் அவரே.
இடது கட்டைவிரலில் இன்னும் உணர்வில்லை என்றார்,
காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி.

யார் என்று தேடினேன்.
பனியில் கால்தடம் பதியும்தான்.
அடுத்தவன் பூட்ஸை மாட்டிக்கொண்டு
பின்பக்கமாக நடக்கத் தெரிந்தவனை என்ன செய்வது?
பராகுவேயில் ஒரு பள்ளியின் பிரிண்டர்,
பூர்சாவில் பல் மருத்துவரின் வரவேற்பு மேசை,
கூச்சிங்கில் ஒரு பூக்கடை.
பூக்கடைக்கு அப்பால் வெள்ளை.
நிரலுக்குள் ரஷ்ய மொழியில் ஒரு வசவு, எழுத்துப்பிழையோடு.
அந்தப் பிழை அவசரத்தில் தட்டிய ரஷ்யனுடையதா,
ரஷ்யனாக நடித்தவனுடையதா?
அவன் விழித்திருந்த நேரம்
ஐந்து நாடுகளின் அலுவலக நேரம்.
என் தம்பி தூக்கம் வராமல் புரளும் நேரமும் அதுவே.

மூன்றாம் மாலை
மேல்மாடிச் சவுனாவுக்கு அழைத்தார் இயக்குநர் பெர்கோலா.
போன கோடையில் போட்ட புதுப் பலகைகள்.
ரசீதைக் கணக்கில் பார்த்திருந்தேன்,
ஔலிஸ் கேட்ட தொகையைவிடச் சற்றுக் கூடுதல்.
இருவர் உடம்பிலும் ஒரு நூல் இல்லை.
கொதிக்கும் கல்மேல் நீரை ஊற்றிக்கொண்டே கேட்டார்:
"ஒரு நாடு என்று எழுத முடியுமா?
பெயர்கூட வேண்டாம்.
அதிநவீனத் தாக்குதல் என்றாவது."

படையே வந்ததென்றால்
தாழ்ப்பாளைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?
பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.
நடுவில் ஆவி,
எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை.

அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினேன்:
யார் என்று உறுதியாகச் சொல்ல இயலாது,
ஓர் அரசாகவும் இருக்கலாம்.
நான்காம் பக்கத்தில்:
எப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியும்.
செத்தவரின் பெயர், லம்போ1,
மூன்று கடிதங்களின் தேதிகள்.

முதல் பக்கம் மட்டும் வெளியானது.

'இருக்கலாம்' பொய்யில்லை.
ஆனாலும் அந்தச் சொல்லை எழுதிய கை இது.

ஹில்க்கா என்றொரு பெண்மணிக்குப்
பதினான்கு மீன்கள் செத்திருந்தன.
தவிர்க்க இயலாத வெளிநாட்டுத் தாக்குதல்,
இழப்பீடு பொருந்தாது என்று பதில் போயிற்று.
எப்படியோ என் முகவரியைப் பிடித்து எழுதினார்:
தவிர்க்க என்ன செய்தீர்கள் என்றல்லவா கேட்டிருந்தேன்?

ஔலிஸுக்கும் கடிதம் வந்ததாம்,
அன்றிரவு தலைக்கவசம் அணியாததற்கு எச்சரிக்கை.

கிளம்பும்போது கேட்டேன்,
அந்தக் கணக்கை மூடியாயிற்றா?
வியாழக்கிழமைக் கூட்டத்தில் இருக்கிறது என்றார்கள்.

ரயிலில், ஏரி இருட்டிக்கொண்டு வந்த நேரம்,
மடிக்கணினியில் அந்த வாசலைத் திறந்தேன்.
திறந்தது.
செத்தவரின் பெயரைத் தட்டினேன்.
லம்போ வரை தட்டினேன்.
ஒன்றின்மேல் விரல்.

அழுத்தியிருந்தால்
நானும் ஒரு நாடு.