ஏழாவது டேக்

பியானோவின் வயிற்றுக்குள்
நாற்பது வாட் பல்பு ஒன்று இரவும் பகலும் எரிகிறது.
ராயபுரத்துக் காற்றில் உப்பு ஏறினால்
கட்டைகள் ஊதிக்கொள்ளும்.
ஒன்றை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் கூடவே இறங்கும்,
பந்திக்குக் கூப்பிட்டவரோடு கூப்பிடாதவரும் வருவது போல.
"அதுக்குச் சளி பிடிச்சுக்கும்" என்கிறார் யூனிஸ் ஹக்கின்ஸ்,
எழுபத்தாறு வயது,
மூக்கைச் சிந்திக்கொண்டே.

நான் வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன்.
செண்டை மேளம் பதிந்து பதிந்து
என் மைக்குகளுக்குக் காது தடித்திருந்தது.
"ஒரு பாட்டு எத்தனை நிமிஷம் மேடம்?"
"முடிஞ்சதும் நீயே பார்த்துச் சொல்லேன்."

முதல் டேக்கில் ஐஸ் வண்டி.
இரண்டில் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல்
தன் ஒற்றைச் சுரத்தை நீட்டிக்கொண்டே இருந்தது.
மூன்றில் இம்தியாஸ் பிரஷ்ஷைத் தவறவிட்டான்.
நாலும் ஐந்தும் சுத்தம்.
"சுத்தமா இருக்கு" என்றார்,
குழம்பில் உப்பில்லை என்று சொல்லும் குரலில்.

சிக்குன்குனியா வந்து போன பின்
இடது கையில் இரண்டு விரல்கள்
பத்து மணிக்கு முன் எழுந்திருப்பதில்லை.
எழுந்தாலும் சொன்ன பேச்சு கேட்பதில்லை.
அவை விட்டுவிடும் சுரங்களை
அமல்தாஸ் தன் பேஸ் கிட்டாரில் பொறுக்கிப் பொறுக்கி வைப்பான்.
எண்ணூர் அனல்மின் நிலையத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து
தூங்காமல் வந்தவன்; நல்ல மனசு.
ஆறாவது டேக்கில் அவர் கையை எடுத்துவிட்டார்.
"அங்கே வந்து உட்காராதே.
அது என் இடம்.
காலியா வெச்சிருக்கேன்."

கூவத்துக்கு அந்தப் பக்கம், நட்சத்திர ஹோட்டல் லாபியில்
இருபத்திரண்டு வருஷம் வாசித்திருக்கிறார்.
அதைப் பற்றிக் கேட்டால் ஒரே வாக்கியம்:
"சூப்புக்கு வாசிச்சேன்."

போன மாதம் பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கச்சேரி.
நாற்பத்தொரு பேர்.
பாதிப் பேர் ஹௌசி என்று நினைத்து
பென்சிலோடு வந்தவர்கள்.
யாரும் எழுந்து போகவில்லை, சிலர் மின்விசிறிக்காக.
நடுவில், மூன்றாம் வரிசையிலிருந்து பாசில் மாமா
பொறுக்கமாட்டாமல் கத்தினார்: "எண்பத்தெட்டு!"
யூனிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
வலது கை மட்டும் கடைசிவரை ஓடி
எண்பத்தெட்டாவது கட்டையைத் தட்டிவிட்டு
விட்ட இடத்துக்குத் திரும்பியது.
அந்தச் சுரம் டம்ளர் விளிம்பில் நகம் பட்டது போல இருந்தது.
ஹால் முழுக்கச் சிரிப்பு.
அந்தச் சிரிப்பு அடங்கும் வேகத்தை அளந்து
அடுத்த தாளத்தை அதில் வைத்தார்.

ஏழாவது டேக்.
மூன்றாம் நிமிஷம் கரண்ட் போனது.
பல்பு அணைந்து பியானோ கறுத்தது.
ரெக்கார்டரில் பேட்டரி பதினொரு சதவீதம்.
யாரும் நிறுத்தவில்லை.
ஃபேன் ஓய்ந்ததும்தான்
ஹெட்ஃபோனில் அதுவரை கேட்காதவை கேட்டன:
கட்டையில் உரசும் நகம்,
பெடல் ஏறி இறங்கும் முனகல்,
அவர் வாய்க்குள் பாடிக்கொண்டிருப்பது,
அது கை வாசித்ததாக இல்லை, வேறு ஏதோ.
அந்த இரண்டு விரல்கள் வரவேண்டிய இடங்களில்
வியர்வை சொட்டுவதைக்கூடப் பதிந்திருப்பேன்.

கரண்ட் வந்தது.
மாடி வீட்டு மிக்சி
பாதியில் நின்ற சட்னியை விட்ட இடத்தில் பிடித்தது.
நான் தலையில் கை வைத்தேன்.
அவர் தலையைச் சாய்த்தார்.
அரைச் சுரம் மேலே ஏறி
மிக்சி நின்றுகொண்டிருந்த இடத்தில் போய் நின்று
முடித்தார்.

"எத்தனை நிமிஷம்?"
"ஒன்பதே முக்கால்."
"இதுதான்."
"மிக்சிய மட்டும் எடுத்துடட்டுமா மேடம்?"
"ஏன், சம்பளம் கேட்டாளா?
உறையில பேர் போடணும். யாரு மாடில?
போய்க் கேட்டுட்டு வா."

படியேறிக் கதவைத் தட்டினேன்.
திறந்தவளின் கையெல்லாம் தேங்காய்.
"சத்தம் ஜாஸ்தியா இருக்கா?" என்றாள்.
எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.