ஆவணியில் பெய்தது

இரண்டு மணிக்கு வானம் கறுத்தபோது
நான் நிலாவெளி உப்பளத்தில்
முழங்காலுக்குக் கீழே வெள்ளையாய் நின்றேன்.
பதினேழாம் பாத்தியில்
உப்பு அப்போதுதான் பூத்து இறுகியிருந்தது.
நாளைக்கு வாரலாம் என்று
சுப்பவைசர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

நாளை என்ற சொல்லில்
ஒரு துளி விழுந்தது.
பிறகு எண்ண முடியவில்லை.

கிடுகுக்கு ஓடினோம், தறப்பாளுக்கு ஓடினோம்,
வாரிக் குவித்ததை மூடினோம்.
பாத்தியில் கிடந்ததை எதைக்கொண்டு மூட?
கடல் இரண்டு கிழமையாய்க் கொடுத்துவைத்ததை
வானம் கேட்காமல் கரைத்தது.
"போச்சு" என்றாள் மரியதிரேசா.
அந்த ஒரு சொல்லுக்குள்
அவளின் சீட்டுக்காசு, என் அடகு நகை,
பஹீமாவின் மகனுக்கு ரியூசன் காசு
எல்லாம் இருந்தன.

நான் வாய் திறக்கவில்லை.
என் மனம் வேலிக்கு அப்பால்
என் வீட்டுத் தகரத்தில்
சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் கிணற்றை உங்களுக்குத் தெரியாது.
ஆனியிலேயே உவர்த்துவிடும்.
பால் திரையும். சவர்க்காரம் நுரைக்காமல் கோபிக்கும்.
செவ்வாயும் வெள்ளியும் பிரதேச சபை பவுசர் வரும்,
வருவதாகச் சொல்லும்.
வீதியோரம் நீலமும் மஞ்சளுமாய்க் கான்கள்
எங்களுக்குப் பதிலாக வரிசையில் நிற்கும்.

மாசியில்தான் தாங்கி கட்டினோம்,
கம்பிவலையும் சீமெந்துமாய்,
குசினிச் சுவரோடு ஒட்டி, ஐயாயிரம் லீற்றர்.
மேசன் கருணைராசா
பீலிக்குழாயின் முனையில் ஒரு மூடியைக் காட்டினான்:
"முதல் மழையை உள்ளுக்கு விடாதேங்கோ அக்கா.
காக எச்சம், புழுதி, கடற்காத்தின்ர உப்பு
எல்லாத்தையும் கழுவிக்கொண்டு வரும்.
பத்து நிமிசம் வெளியில ஓடட்டும்.
பிறகு மூடுங்கோ."

அதற்குப் பிறகு மழையே இல்லை.
காயவிட்டால் வெடிக்கும் என்று
பவுசர்த் தண்ணீரில் நாலு வாளி ஊற்றிவைத்தோம்.
தண்ணீர் தர வந்த தாங்கிக்கு
ஆறு மாதம் நாங்கள் தண்ணீர் கொடுத்தோம்.
சின்னவன் அதற்குள் தலையை விட்டுத்
தன் பெயரைக் கூப்பிடுவான்.
இரண்டு முறை வரும்.

உப்பளத்துக்கும் வீட்டுக்கும் ஆறு நிமிசம்.
ஓடினால் நாலு.

குழாய் முனை திறந்தே கிடந்தது.
தேத்தண்ணி நிறத்தில் வந்தது,
வேப்பஞ்சருகு, ஒரு காகச் சிறகு.
பத்து நிமிசம் என்றான் கருணைராசா.
ஆவணி மழை பத்து நிமிசம் பெய்யும் என்று
எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?
வாளி வாளியாய் மண்ணுக்குள் போனது.
என் கை மூடியிலேயே இருந்தது.

ஏந்தி நாக்கில் வைத்தேன். உப்பு.
மறுபடி. உப்பு.
பதினொரு வருசம் பாத்தியில் நின்ற நாக்கு இது,
எந்த வரம்பில் தண்ணீர் எவ்வளவு முற்றியது என்று
மணி பாராமல் சொல்லும்.
மூன்றாம் தரம் கொஞ்சம் தகரம், கொஞ்சம் புழுதி.
நாலாம் தரம்
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாத ஒரு ருசி.

மூடினேன்.
மழை முதலில் சீமெந்தில் விழுந்தது,
பிறகு தண்ணீரில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது.
தடியை விட்டுப் பார்த்தேன்: ஒரு சாண், நாலு விரல்.
பதினேழாம் பாத்தியை யாரும் அளக்கவில்லை.

பின்னேரம் மரியதிரேசா குடத்தோடு வந்தாள்.
கூலியைப் பற்றி நான் எடுக்கவில்லை.
எங்கே ஓடினாய் என்று அவளும் கேட்கவில்லை.
குடத்தை நிரப்ப முன்னம்
தேத்தண்ணி ஊற்றினேன்.
உவரை மறைக்க மூன்று கரண்டி சீனி
போட்டுப் போட்டுப் பழகிய கை.

ஒரு மிடறு குடித்தாள், முகத்தைச் சுளித்தாள்:
"என்னடி இது, பாணி மாதிரி இனிக்குது."