உள்ளே ஒரு திருகாணி

நீங்கள் கேட்ட படங்களை அனுப்பிவிட்டேன்.
படத்தில் விழாததை எழுதுகிறேன்.

உடல் முழுக்கக் கோறை.
தட்டிப் பாருங்கள், முற்றின பூசணியின் சத்தம்.
நிறம், நடுவில் தேன்; ஓரம் போகப் போக
போறணையில் ஒரு நிமிசம் கூட இருந்துவிட்ட பாண்.
யப்பானில் செய்தது. துவாரத்துக்குள் லைற் அடித்தால்
ஒரு காகிதம் தெரியும், அதில் இலக்கம்.
கடைசி இரண்டையும் பூச்சி தின்றுவிட்டது.
ஆகவே வயதை நான் சத்தியம் பண்ணமாட்டேன்.

லூக்காசின் கிற்றார் இது.
லூக்காஸ் என் புருசனில்லை, பலர் கேட்டிருக்கிறார்கள்.
பரந்தனில் நான் மோட்டர் சுத்துகிறவள்.
அவன் பம்புக்குச் சுத்திய கூலிக்கு
ஈடாக வைத்துவிட்டுப் போனான்.
இப்போது நோர்வேயில் பஸ் ஓட்டுகிறான்.
வித்துவிடு என்கிறான், பாதிக்காசு அனுப்பு என்றும்.

கரண்ட் இல்லாத காலம். பற்றறிக்கும் தடை.
கிணறில்லாத வளவில் பம்பு வைத்திருக்கிறான் என்று
சனம் அவனைச் சிரித்தது.
கோறை உடம்பு கரண்டைக் கேட்காது, தெரியுமா?
அடுத்த கதிரைக்கு எட்டும் குரல் அதற்குச் சொந்தமாகவே உண்டு.
கிபிர் வருவதை மறைக்காத குரல்.
அந்த வருசங்களில் அது பெரிய குணம்.

ஒரேயொரு தரம்
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைச் சுற்ற,
டைனமோவில் ஒரு ரேடியோ விழிக்க,
அதன் வயிற்றில் வயரைச் செருகி வாசித்தான்.
என் கை களைக்கக் களைக்கச் சுரமும் களைத்தது.
என்ன பாட்டென்று எனக்கு நினைவில்லை.
தோள்மூட்டு நொந்தது நினைவிருக்கிறது.

கழுத்துப் பக்கக் காந்தச்சுருள் பழையது, கைபடாதது.
பாலத்துப் பக்கம் நான் சுத்தியது.
மூன்று சுவர் மணிக்கூட்டை உடைத்து
மயிரிலும் மெல்லிய கம்பி எடுத்தேன்.
நாலாயிரத்துச் சொச்சத்தில்
ஆரோ கடைக்கு வந்து விலை கேட்டார்கள், எண்ணிக்கை தவறியது.
அந்தப் பக்கம் கொஞ்சம் கரகரக்கும்.

ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஊளையிடும்.
பழுதில்லை அது.
தன் குரலைத் தானே கேட்டு
திரும்பத் திரும்பச் சொல்வது.
இரண்டடி விலகி நில்லுங்கள், அடங்கும்.
எங்களில் சிலருக்கும் அதே மருந்துதான்.

கழுத்து ஒருதரம் முறிந்து ஒட்டியது.
எங்கே, எப்ப என்று கேட்கமாட்டீர்கள் என நினைக்கிறேன்.

பாதை திறந்த வருசம் ஓமந்தையில்
ஆமிக்காரப் பெடியன் ஒருவன் இதைத் தூக்கிக் குலுக்கினான்.
உள்ளே ஏதோ கலகலத்தது.
வரிசை முழுக்க ஓரடி பின்னே போனது.
தலைகீழாய்ப் பிடித்தான், டோர்ச் அடித்தான்,
துவாரத்துக்குள் இரண்டு விரலை விட்டான், சிக்கிக்கொண்டது.
இழுத்து எடுத்தபோது
அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.
ஒரு திருகாணி. இன்றைக்கும் உள்ளேதான்.

எடுத்துத் தரச் சொன்னீர்கள்.
பின்பலகையைக் கழற்றாமல் முடியாது,
அந்தப் பலகை கழற்றச் செய்ததுமல்ல.
விலை நான் சொன்னதுதான்.
வருவதென்றால் வெள்ளிக்கு முன் வாருங்கள்,
வெள்ளிக்குப் பிறகு நெல்லுக்குத் தண்ணி விடுகிற காலம்,
ஊர்ப் பம்பெல்லாம் என் கடையில் நிற்கும்.